கட்டைவிரல்

ஃபின்மார்க் கணவாயில்
டிசம்பர் முழுக்கச் சூரியன் வருவதில்லை.
உச்சிப் பொழுதில் ஒரு நீலம் மட்டும் வரும்,
யாரோ கதவைத் திறந்து
எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்தியதுபோல.

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
புயல் எழுந்தால் பாதையை மூடுவார்கள்.
தடுப்புக்கு முன்னால் கார்கள் வந்து நிற்கும்.
ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிச் சொல்வேன்:
முன்வண்டியின் சிவப்பு விளக்கை விட்டுவிடாதீர்கள்,
வழியில் நிற்காதீர்கள்,
என்ன ஆனாலும் இறங்காதீர்கள்.
பிறகு நான் முன்னால்.
நில்லஸ் தன் லாரியோடு கடைசியில்.
நடுவில், பெயர் தெரியாத மனிதர்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு நில்லஸ் இல்லை.
கடைசி வண்டிக்கு ஆள் போடக்
காசில்லை என்றது அலுவலகம்.
ஏழு கார்கள் புறப்பட்டன.
அந்தப் பக்கம்
எண்ணினேன், மறுபடி எண்ணினேன்,
ஆறு.

ஹால்வார்ட் என்று பெயராம். காலையில்தான் தெரிந்தது.
பக்கத்து இருக்கையில் இரண்டு ரொட்டி,
விலைச்சீட்டுக் கிழிக்காத ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு.

என் மேல் தவறில்லை என்றது விசாரணை.
பாதிரியாரும் அதையே சொன்னார்.
நீ மட்டும் வாயே திறக்கவில்லை.

அன்று பிடித்தது உன்னோடு சண்டை.
மற்றவர்கள் மண்டியிட்டுச் செய்வதை
நான் மூன்றாம் கியரில் செய்தேன்.
வழி தவறிய ஆட்டைத் தேடிப் போகிறவனாமே நீ,
அந்த ராத்திரி எந்த மலையில் இருந்தாய்?
ஒரே ஒரு தரம் என் கழுத்தைத் திருப்ப
உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?
கேட்டேன். பதிலுக்கு இடம் விடாமல்
அடுத்ததையும் கேட்டேன்.
தூக்கத்தில்கூட என் தாடை அசைகிறது
என்றாள் தங்கை.

நேற்றும் ஏழு கார்கள்.
அந்த எண்ணைப் பார்த்ததுமே
வயிற்றில் ஏதோ புரண்டது.
மேலே ஏற ஏற முன்கண்ணாடி வெறும் பால்.
வழியோரக் கம்புகள்
என் விளக்குப் படும்வரை இல்லாமல் இருந்து,
பட்டதும் ஒவ்வொன்றாய்ப் பிறந்தன.
நான் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்,
ஹால்வார்டின் செருப்பு அளவு நாற்பத்து மூன்று
என்பதுவரை சொல்லி.

உச்சியில் கண்ணாடியைத் துடைக்கக்
கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.
ரேடியோ இருமியது.

'விட்டாயா ஒருவழியாக!
இருபது நிமிடமாய் உன் கட்டைவிரல் பொத்தான்மேல்.
அத்தனையும் கேட்டேன், தூரிட். மன்னித்துவிடு.
நீ அழுத்திக்கொண்டே இருந்தால்
இந்தப் பக்கத்துக் குரல் எப்படி வரும்?'

எதையோ மென்று விழுங்கினான்.

'சொல்ல வந்தது இவ்வளவுதான்.
ஏழும் இருக்கின்றன.'

நீ பேசினாய் என்று நான் சாதிக்கப் போவதில்லை.
பேசியது நில்லஸ்.
மூக்கடைத்த குரல், வாயில் உலர்ந்த மான் இறைச்சி.
ஆனால் இரண்டு வருடமாய்
என் விரல் எங்கே இருந்தது
என்று அப்போதுதான் பார்த்தேன்.
நகத்தடி வெளுத்து,
வளைந்த வாக்கிலேயே மரத்துப்போய்.

இறக்கம் முழுக்க நான் பேசவில்லை.
ரேடியோவில் மெல்லிய இரைச்சல்,
பனி லாரிமேல் விழும் அதே ஓசை.
யாரோ கேட்டுக்கொண்டிருந்தால்
இப்படித்தான் இருக்கும், அந்த மறுமுனை.
எத்தனை நாளாய் நீ அங்கே
என் விரல் எழக் காத்திருந்தாய்?

ஹால்வார்ட் திரும்பவில்லை.
என் கேள்வியும் இறங்கிப் போகவில்லை,
பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.
ஆனால் நேற்று வீட்டுக்கு வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

இன்று மறுபடி காற்று.
தடுப்பு மேலே எழுகிறது.
ஒரே ஒரு தரம் அழுத்துகிறேன்:

'தூரிட் பேசுகிறேன்.
ஐந்து கார்கள்.
புறப்படுகிறோம்.'

விரலை எடுத்துவிடுகிறேன்.